கணக்குக் குறைஞ்சால் ஆர் கட்டுறது?

(லண்டன் ஹரோவில் நடந்த ‘இளையோரும் வேலையும்’ மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



இந்தக் கூட்டத்தில் பேசச் சொல்லி அண்ணா ஒருவர் போன் எடுத்தபோது, “என்ன தலைப்பு?” என்று கேட்டேன். “நீர் வங்கி வேலைக்கு இன்ரவியூவுக்குப் போன கதையைச் சொல்லும்” என்றார். பிறகு கொஞ்சம் சிரிச்சுக்கொண்டு, “வங்கிக்குத்தான் போறீரோ, தங்கச்சி?” என்று கேட்டார். அந்தச் சிரிப்புக்குள்ளே ஒரு கேள்வி இருந்தது. அதுக்குக் கடைசியில் வாறேன். முதலில் கதையைச் சொல்லுறேன், ஏனென்றால் இங்கே இருக்கிற பலருக்கு இந்தக் கதவு எப்படித் திறக்கிறது என்று ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. எனக்கும் சொல்லித் தரவில்லை.

நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிச்சேன். கடைசி வருடத்தில் பெரிய வங்கி ஒன்றின் பட்டதாரிகளுக்கான தொழில்நுட்ப வேலைக்கு விண்ணப்பிச்சேன். எந்த வங்கி என்று கேட்கவேண்டாம். எல்லா வங்கியிலும் கிட்டத்தட்ட ஒரே முறைதான்.

முதலாவது விசயம், காலம். அடுத்த வருடச் செப்டெம்பரில் தொடங்கிற வேலைக்கு இந்த வருடச் செப்டெம்பரிலேயே கதவு திறக்குது. கடைசித் திகதி என்று ஒன்று போட்டிருப்பார்கள், அதை நம்பி இருக்கக்கூடாது. வர வரப் பார்த்து இடத்தை நிரப்பிக்கொண்டு போவார்கள். “சோதனை முடியட்டும், பிறகு பார்ப்பம்” என்று வீட்டில் சொல்லுவினம். சோதனை முடியும்போது இடமும் முடிஞ்சிருக்கும். தகப்பனோ தாயோ அந்த உலகத்தில் வேலை செய்யிற பிள்ளைகளுக்கு இது சாப்பாட்டு மேசையிலேயே தெரிஞ்சுவிடும். நான் அதை ஒரு வங்கியைத் தவறவிட்டுத்தான் அறிஞ்சுகொண்டேன்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும். “உங்களுக்கு 14 வயதாக இருந்தபோது வீட்டில் கூடுதலாக உழைத்தவர் என்ன வேலை செய்தார்?” இது சமூக வர்க்கத்தை அளக்கிறதுக்கு இந்த நாட்டில் இப்போது பல நிறுவனங்கள் கேட்கிற கேள்வி. நான் அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். அப்பா ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினவர். எனக்கு 14 வயதில் அவர் பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை. எந்தப் பெட்டியில் புள்ளடி போடுறது? முதலில் ‘அலுவலக வேலை’ என்று போட்டேன், மானம் காக்க. பிறகு அழிச்சு, ‘வழக்கமான கைவேலை, சேவை வேலை’ என்ற பெட்டியில் போட்டேன். அதைப் போட எனக்கு வெட்கமாக இருந்தது என்பதைத்தான் நான் உங்களிடம் சொல்ல விரும்புறேன். இந்தக் கூட்டங்களுக்குச் சின்ன வயதிலிருந்து வாறேன். ‘தொழிலாளி வர்க்கம்’ என்ற சொல்லை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஆனால் என் அப்பாவை அந்தப் பெட்டிக்குள்ளே வைக்க எனக்குக் கை கூசியது.

பெற்றோருக்கு ஒரு சொல். உங்கள் பிள்ளைகள் உண்மையைப் போடட்டும். அந்தப் பதிலால் அவர்களைக் கழிக்கிறதுக்கு அதைக் கேட்கிறதில்லை. சில இடங்களில் அது பிள்ளைக்கு உதவியாகவும் இருக்கும்.

அடுத்தது ஒன்லைன் சோதனைகள். எண் கணக்கு, வரைபடம் பார்த்துப் பதில் சொல்லுறது, ஒரு பிரச்சினையைத் தந்து நாலு பதிலில் எதைச் செய்வீர் என்று கேட்கிறது, கோட் எழுதிறது. பயிற்சி செய்தால் கைக்கு வரும். அதைத் தாண்டினால் காணொளி நேர்முகம். இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும்.

காணொளி நேர்முகம் என்றால் மறுபக்கத்தில் ஆள் இல்லை. திரையில் ஒரு கேள்வி எழும்பும். யோசிக்க அரை நிமிடம், பேச ரெண்டு நிமிடம், கமெரா பதிஞ்சுகொண்டு இருக்கும். உங்கட சொந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நீங்கள் ஏன் இந்த வங்கியை நேசிக்கிறீர்கள் என்று சொல்லவேணும். எங்கட வீடு ரெண்டு அறை. அப்பா காலை எட்டு மணிக்கு வேலை முடிஞ்சு வந்து படுப்பார். மற்ற அறையில் தம்பி. நான் குசினியில் லப்டொப்பை அரிசி வாளிக்கு மேலே வைச்சு, அப்பா எழும்பக்கூடாது என்று மெல்லிய குரலில் பேசினேன். ரெண்டு கிழமையில் பதில் வந்தது, இல்லை என்று. ஒரு வரி விளக்கமும் இருந்தது: உற்சாகம் போதாதாம்.

எனக்கு உற்சாகம் இருந்தது தோழர்களே. சத்தம் போட இடம் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வங்கிக்கு நான் நூலகத்தில் ஒரு சின்ன அறையை ஒரு மணித்தியாலத்துக்கு எடுத்தேன். அங்கே சத்தமாகப் பேசினேன். தாண்டிவிட்டேன். இதில் என்ர திறமை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கதவு பூட்டிய ஒரு அறை கிடைச்சது. நூலகங்களை மூடவேண்டாம் என்று நாங்கள் கையெழுத்து வாங்கும்போது இதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

பிறகு ஒருநாள் முழுக்கக் கனரி வார்ஃபில். அந்த இடத்தைப் பற்றி எங்கட கூட்டத்தில் கனக்கச் சொல்லத் தேவையில்லை. 1802-இல் திறந்த மேற்கிந்தியத் துறைமுகம் அது. அடிமைகள் வெட்டிய கரும்பின் சீனி வந்து இறங்கின இடம். 1980-இல் துறைமுகம் மூடிச்சு, கப்பலில் மூட்டை இறக்கினவர்களின் வேலையும் போச்சு, அதுக்குப் பிறகு வந்தவை இந்தக் கோபுரங்கள். அடிமைத் தோட்ட முதலாளி ரொபேர்ட் மிலிகனின் சிலை 2020 ஜூன் வரைக்கும் அங்கே நின்றது. அதே இடத்தில் இரவில் வங்கிக் கோபுரத்தைத் துப்புரவு செய்த அப்துல் டுரண்ட் என்ற தொழிலாளி 2003-இல் பங்குதாரர் கூட்டத்தில் எழும்பி, தலைவரின் முகத்துக்கு நேரே தன் சம்பளத்தைப் பற்றிக் கேட்டார். லண்டனில் வாழ்வூதியப் போராட்டம் வளர்ந்ததில் அந்த நாளுக்கு ஒரு பங்கு இருக்கு. ரயிலில் போகும்போது அவரைத்தான் நினைச்சுக்கொண்டு போனேன். அவர் எழும்பி நின்றார், நான் ஒரு கதிரையில் இருந்து கதைக்கிறதுக்கு ஏன் நடுங்கவேணும் என்று.

காலையில் குழு வேலை. ஆறு பேருக்கு ஒரு கட்டுத் தாள் தந்து, மூடப்போகிற கிளைகளின் வாடிக்கையாளரைச் செயலிக்கு மாற்றுவது எப்படி என்று திட்டம் போடச் சொன்னார்கள். 2015-க்குப் பிறகு இந்த நாட்டில் 6,000-க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகள் மூடிவிட்டன. அது வெறும் பயிற்சிக் கேள்வி இல்லை. மற்றவர்கள் நல்ல பிள்ளைகள், கெட்டிக்காரர். ஆனால் ஐந்து பேரும் செயலியின் நிறத்தைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருந்தார்கள். நான் சனி, ஞாயிறில் கடையில் நிற்கிறவள். காசை எண்ணிக் கவரில் போட்டுக்கொண்டு வங்கி தேடி ரெண்டு பஸ் எடுக்கிற கிழவர்களை எனக்குத் தெரியும். “ஸ்மார்ட் போன் இல்லாதவை எத்தனை பேர் என்று இந்தத் தாளில் எங்கே இருக்கு?” என்று கேட்டேன். தேடினோம். இல்லை. பிறகு அதைப் பற்றியே கதைச்சோம்.

மத்தியானத்துக்குப் பிறகு தனி நேர்முகம். ரெண்டு பேர். ஒருத்தி ஆள் சேர்க்கும் பிரிவு, மற்றவர் தலை நரைச்ச பொறியியலாளர், பழைய பெருங்கணினிகளில் வேலை செய்தவர்.

முதலில் வழக்கமான கேள்விகள். “ஒரு தரம் நீங்கள் குழுவை வழிநடத்தினதைச் சொல்லுங்கள்.” இதுக்கு ஒரு வாய்பாடு இருக்கு. என்ன நிலைமை, உன்ர பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், என்ன முடிவு வந்தது. நாலு படி. எங்கட ஆக்கள் இதில் விழுறது ஒரு இடத்தில். “நாங்கள் செய்தோம், நாங்கள் செய்தோம்” என்றுதான் சொல்லுவோம். அவர்களுக்கு ‘நான்’ வேணும். அன்றைக்கு ஒருநாள் ‘நான்’ என்று சொல்லிப் பழகுங்கள். வீட்டுக்கு வந்து திரும்ப ‘நாங்கள்’ ஆகலாம்.

பிறகு அந்தப் பொறியியலாளர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். “ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குக் காசு மாற்றுகிற நிரலை வரையுங்கள்.” வரைஞ்சேன். “சரி, பாதியில் மின்சாரம் போனால்?” இந்தத் துறையில் அடிப்படையான கேள்வி அதுதான். ஒரு கணக்கில் கழிச்சாச்சு, மற்றதில் கூட்டவில்லை. நடுவில் நின்றுவிட்டது. பதில்: ரெண்டும் நடக்கவேணும், இல்லையென்றால் ரெண்டுமே நடக்கக்கூடாது. “வாடிக்கையாளர் பயந்து திரும்ப அழுத்தினால்?” ஒவ்வொரு கட்டளைக்கும் தனி இலக்கம் இருக்கவேணும். அதே இலக்கம் இரண்டாம் தரம் வந்தால் இது முதலே வந்தது என்று தெரிஞ்சு விடவேணும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கு, சொல்லிவிட்டேன்.

அவர் விடவில்லை. “நிரல் ஒன்று சொல்லுது. வாடிக்கையாளர் வேறொன்று சொல்லுறார். நீங்கள் ஆரை நம்புவீர்கள்?”

தோழர்களே, அந்த இடத்தில் எனக்கு அப்பாவின் கொப்பி ஞாபகம் வந்தது.

அப்பா வேலை செய்த பெற்றோல் ஸ்ரேசனில் ஷிஃப்ட் முடியும்போது கல்லாவை எண்ணவேணும். மெசின் சொல்லுற தொகையைவிடக் காசு குறைஞ்சால், அது அவரின் சம்பளத்தில் கழியும். முதலாளியும் எங்கட ஆள்தான், அதையும் சொல்லத்தான் வேணும். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் பழகின பழக்கத்தில் ஒரு கொப்பி வைச்சிருந்தார். ஒவ்வொரு இரவும் நேரம் போட்டு எழுதுவார். ஒருநாள் 43 பவுண் குறைஞ்சது. கொப்பியில் இருந்தது: இரவு 2.10, நாலாம் பம்ப், கார்ட் மெசின் இடையில் நின்றது, திரும்ப அடிச்சது. ஒருத்தர் ஒரு தரம் பெற்றோல் அடிச்சார். மெசின் ரெண்டு விற்பனை என்று பதிஞ்சது. காசு ஒரு தரம்தான் வந்தது. அப்பா கொப்பியை முதலாளியிட்டக் காட்டினார். “மெசின் பிழை விடாது அண்ணை” என்றார் அவர். 43 பவுண் கழிஞ்சது.

இன்ரவியூவுக்கு ஆயத்தம் செய்யும்போது இந்தக் கதையை நான் சொல்லக்கூடாத கதைகளின் பட்டியலில் வைச்சிருந்தேன். அழுது பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும் என்று பயம். ஆனால் அவர் கேட்டது நேரே அந்தக் கேள்வி. சொன்னேன். நாலு வாக்கியத்தில் சொன்னேன். சொல்லிவிட்டு, தபாலகத்தின் ஹொரைசன் விவகாரத்துக்குப் போனேன்.

இங்கே எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், ஆனாலும் திரும்பச் சொல்லவேண்டிய விசயம். ஹொரைசன் என்ற கணினி முறை காட்டின பொய்யான பற்றாக்குறையை வைச்சு, 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்ட தபாலகக்காரர்களைக் குற்றவாளிகளாக்கினார்கள். கடையும் தபாலகமும் ஒன்றாக நடத்தின தெற்காசியக் குடும்பங்கள் அதில் கனபேர். இல்லாத பற்றாக்குறைக்கு வீட்டை ஈடு வைச்சுக் காசு கட்டினார்கள். சிறைக்குப் போனார்கள். சிலர் உயிரை விட்டார்கள். அலன் பேட்ஸோடு சேர்ந்து 555 பேர் வழக்குப் போட்டு, 2019 டிசம்பரில்தான் அந்த நிரலில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தப் பிழைகளில் ஒன்றுக்கு டல்மெலிங்டன் என்று ஒரு ஸ்கொட்லாந்து ஊரின் பெயர். காசு வந்து சேர்ந்ததைப் பதியும்போது திரை உறைஞ்சு நிற்கும். தபாலகக்காரர் திரும்பத் திரும்ப எண்டரை அழுத்துவார். அழுத்துகிற ஒவ்வொரு தரமும் அதே காசு புதிதாக வந்ததென்று பதியும். நாலாம் பம்பில் நடந்ததும் அதே வகைப் பிழைதான்.

இன்னொன்றும் சொன்னேன். இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 69-ஆம் பிரிவு, கணினிப் பதிவைச் சாட்சியாகக் கொண்டுவாறவர் அந்தக் கணினி ஒழுங்காக வேலை செய்தது என்று காட்டவேணும் என்றது. 1999-இல் நிறைவேறின சட்டம் அந்தப் பிரிவை நீக்கியது. அதுக்குப் பிறகு கணினி சரி என்றுதான் நீதிமன்றம் தொடங்கும், பிழை என்று காட்டுகிற சுமை மற்றவரின் தலையில். ஹொரைசன் தபாலகங்களுக்குள்ளே வந்த அதே வருடம் அது.

“அப்ப ஆரை நம்புவீர்கள்?” என்று திரும்பவும் கேட்டார். “ஒருத்தரையும் உடனே நம்பமாட்டேன். வாடிக்கையாளர் தன்ர கொப்பியைக் காட்ட இடம் இருக்கிற மாதிரி நிரலை எழுதுவேன். அழிக்கேலாத பதிவு வைப்பேன். அந்தப் பதிவை அவரும் பார்க்கலாம் என்று வைப்பேன்” என்றேன். அவர் பேனையைக் கீழே வைச்சார். பிறகு அரை மணித்தியாலம் அந்தப் பதிவை எப்படி எழுதுறது, எவ்வளவு காலம் வைச்சிருக்கிறது என்று ரெண்டு பேரும் படம் வரைஞ்சு கதைச்சோம். என்ர வாழ்க்கையில் நான் செய்த நல்ல இன்ரவியூ அந்த அரை மணித்தியாலம்தான்.

ஆனால் இதைக் கேட்டு “உண்மையைச் சொன்னால் வேலை கிடைக்கும்” என்று ஒரு நீதிக்கதையாக எடுத்துக்கொண்டு போகவேண்டாம். முதலில் காத்திருப்போர் பட்டியலில்தான் போட்டார்கள். போனில் காரணம் சொன்னார்கள்: தொழில்நுட்பப் பதில்கள் நல்லம், ‘ஏன் எங்கள் வங்கி’ என்ற கேள்விக்குப் புள்ளி குறைவு. அது சரிதான், அந்தப் பதில் எனக்கே நம்பிக்கை இல்லாத பதில். மார்ச் மாதத்தில் ஆரோ ஒருத்தர் விலகின பிறகு இடம் வந்தது. எனக்கு முன்னுக்கு இருந்தவர் விலகாவிட்டால் இன்றைக்கு இந்தப் பேச்சு இல்லை.

என்னோடு படிச்ச திருச்சிப் பெட்டை ஒருத்தி, என்னைவிட நல்லாகக் கோட் எழுதுவாள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் “விசா ஆதரவு தேவையா?” என்ற பெட்டியில் ‘ஆம்’ போட்டதோடு பல இடங்களில் அவளின் கதை முடிஞ்சது. 2024 ஏப்ரலில் வேலை விசாவுக்கான பொதுச் சம்பள எல்லையை 26,200-இலிருந்து 38,700 பவுணுக்கு உயர்த்தினார்கள். புதிதாகப் படிச்சு வாறவைக்கு ஒரு குறைஞ்ச எல்லை இருந்தாலும், பல நிறுவனங்கள் அந்தத் தலையிடி வேண்டாம் என்று கதவைச் சாத்திவிடும். அகதியாக வந்த அப்பாவின் பிள்ளைக்குக் கடவுச்சீட்டு இருக்கு, கடன் எடுத்துப் படிக்க வந்த அவளுக்கு இல்லை. எனக்குக் கிடைச்ச இடத்தில் இதுவும் ஒரு பங்கு.

இப்போது அண்ணாவின் கேள்விக்கு வாறேன். வங்கிக்குத்தான் போறீரோ?

ஓம், போறேன். வங்கி என்ன செய்யுது என்று தெரிஞ்சுதான் போறேன். நான் எழுதப்போகிற நிரல் ஆரோ ஒருத்தியின் கிளையை மூடலாம். அதே வேலையைச் சென்னையிலோ புனேயிலோ இருக்கிற ஒருத்தி என்னைவிடக் குறைஞ்ச சம்பளத்துக்குச் செய்வாள், எங்களை ஒருத்தரையொருத்தர் காட்டிப் பயமுறுத்துவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் ஹொரைசன் கதையில் இன்னொரு ஆள் இருக்கிறார். ரிச்சர்ட் ரோல். அந்த நிரலைப் பராமரிச்ச புஜிட்சு நிறுவனத்தில் வேலை செய்தவர். தபாலகக்காரருக்குத் தெரியாமல் அவர்களின் கணக்குக்குள்ளே வெளியிலிருந்து போகலாம் என்று வெளியே வந்து சொன்னவர், பிறகு நீதிமன்றத்திலும் சொன்னவர். அவரும் அங்கே சம்பளத்துக்கு நின்றவர்தான். உள்ளே நின்றதால்தான் அவருக்குத் தெரிஞ்சது. அவரைப்போல இன்னும் பத்துப் பேர் நேரத்தோடு வாய் திறந்திருந்தால், அவர்களுக்குப் பின்னால் ஒரு சங்கம் நின்றிருந்தால், எத்தனை குடும்பம் தப்பியிருக்கும் என்றுதான் நான் யோசிக்கிறேன். அதனால் சங்கத்தில் சேருகிற விண்ணப்பத்தை முதல் நாளே நிரப்புவேன். வங்கிகளில் யுனைட் இருக்கு. தொழில்நுட்பத் தொழிலாளருக்கென்று 2020-இல் தொடங்கின கிளை ஒன்று தொடர்பாடல் தொழிலாளர் சங்கத்துக்குள்ளே இருக்கு. தனி ஆளாக நல்லவளாக இருக்கிறதை நான் நம்பவில்லை.

எங்கட அமைப்புக்கு ரெண்டு வேண்டுகோள். ஒன்று, செப்டெம்பருக்கு முதல் நாங்கள் இந்த மண்டபத்தில் ஒத்திகை நேர்முகம் வைப்போம். மாதம் ஒரு சனிக்கிழமை போதும். நான் வாறேன், வேலையில் இருக்கிற மற்ற ஆக்களும் வாங்கோ. காணொளிக்குச் சத்தமில்லாத ஒரு அறையும் ஒரு லப்டொப்பும் இங்கே இருக்கட்டும். விசா வேண்டிய மாணவர்களையும் கூப்பிடுவோம், எந்த நிறுவனம் எடுக்குது, எது எடுக்காது என்ற பட்டியலை அவர்களோடு சேர்ந்து போடுவோம்.

இரண்டாவது, பெற்றோல் ஸ்ரேசனிலும் கடையிலும் நிற்கிற எங்கட ஆக்களுக்கு ஒரு தாள் அச்சடிப்போம். 1996-ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டத்தின்படி, கல்லாவில் காசு குறைஞ்சது என்று கடைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கிறதென்றால், ஒரு சம்பள நாளில் மொத்தச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கழிக்கேலாது. முதலே எழுத்தில் சம்மதமும் இருக்கவேணும். வேலையை விட்டுப் போகிற கடைசிச் சம்பளத்துக்கு மட்டும் அந்தப் பத்தில் ஒன்று என்ற எல்லை இல்லை, அதையும் தெரிஞ்சு வைச்சிருக்கவேணும். அப்பாவுக்கு இது தெரியாது. நானும் இன்ரவியூவுக்குப் படிக்கும்போதுதான் கண்டுபிடிச்சேன். பத்து வருடம் அவர் வாயைப் பொத்திக்கொண்டு கட்டினார்.

வேலை கிடைச்ச அன்று விடியக் காலை அப்பா வேலையால் வந்தார். சொன்னேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. சப்பாத்தைக் கழட்டிக்கொண்டே, “அங்க கணக்குக் குறைஞ்சால் ஆர் கட்டுறது, பிள்ளை?” என்று கேட்டார். நான் சிரிச்சேன். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டவர். எனக்குப் பதில் தெரியவில்லை. வேலைக்குப் போன பிறகு கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தாளை அச்சடிக்க உதவக்கூடியவர்கள் தேநீர் நேரத்தில் என்னோடு கதையுங்கோ.